மஞ்சள் விளக்கு எரியும்வரை

பந்தயக் காரில் கியரை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால், எஞ்சின் எவ்வளவு கத்துமோ அவ்வளவு கத்தவிட்டு மாற்ற வேண்டும் என்றுதான் பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். அது தவறு. காபிக்கு நன்றி, மேடம். சர்க்கரை வேண்டாம். இந்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் பலம் உச்சத்துக்குப் போகும் இடம் ஒன்று உண்டு. எங்கள் காருக்கு அது நிமிடத்துக்கு ஆறாயிரத்து எழுநூறு சுற்று. அதைத் தாண்டினால் சத்தம் ஏறும், பலம் இறங்கும். அதற்காகச் சரியாக உச்சத்திலேயே மாற்றிவிடவும் கூடாது. கியர் மாறிய கணத்தில் சுற்று சடாரென்று கீழே விழும். ரொம்பக் கீழே விழுந்துவிட்டால் எஞ்சின் அங்கேயே திணறிக்கொண்டு கிடக்கும். ஆகவே உச்சத்தைக் கொஞ்சம் தாண்டவிட்டு மாற்ற வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது. எங்கள் காருக்கு விடை ஏழாயிரத்து நூறு. மூன்று சனிக்கிழமைகள் நூறு நூறாக ஏற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஏழாயிரத்தில் மாற்றினால் கால் மைலுக்குப் பதினொன்று புள்ளி எண்பத்தாறு விநாடி. ஏழாயிரத்து நூறில் எண்பத்தொன்று. ஏழாயிரத்து இருநூறில் எண்பத்துமூன்று. அதற்கு மேல் போகப் போக மோசம். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் பந்தயப் பாதைக் கோபுரத்தில் கொடுக்கும் நேரச் சீட்டுகள் எல்லாம் என் கடையில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. வேண்டுமானால் ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ராய்ஸ் ஹேட்லி இங்கே வந்து, தன் மனைவி நடீனைத் தானே கொன்றதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நடீன் என் தங்கை. ராய்ஸ் எழுதியது தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன். எனக்கு அறுபது வயது ஆகப்போகிறது, முட்டி வலிக்கிறது. இதற்காக இன்னொரு முறை வருவேன் என்று தோன்றவில்லை. அதனால் எல்லாவற்றையும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

கார் எங்கள் மூவருக்கும் பொது. எஞ்சினைக் கட்டியது நான். முதலில் ஓட்டியது நடீன். பத்தொன்பது வயதில் கெட்டில் க்ரீக் பாதையில் அவள் ஓட்டத் தொடங்கினாள். அப்போது காரில் கியர் மாற்றச் சொல்லும் விளக்கு கிடையாது. காதால் கேட்டுத்தான் கியர் மாற்றுவாள். ஓட்டி முடித்து வந்ததும், "எத்தனையில மாத்தினேன்னு பாரு லீ," என்பாள். உச்சச் சுற்றில் நின்றுவிடும் முள்ளைப் பார்த்தால் நான் சொன்ன எண்ணுக்கு ஐம்பது சுற்று முன்னே பின்னே இருக்கும். அப்படி ஒரு காதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

கல்யாணமான இரண்டாம் வருடம் ராய்ஸ் அந்த இருக்கையில் உட்கார்ந்தான். ஒரு சீசனுக்கு மட்டும் என்றுதான் பேச்சு. பதினோரு வருடம் எழுந்திருக்கவில்லை. நடீன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. டயரில் காற்று பார்ப்பாள், சாண்ட்விச் கட்டி எடுத்து வருவாள், அவன் ஜெயித்தால் கை தட்டுவாள்.

ராய்ஸுக்குக் காது கிடையாது. அவனுக்காகத்தான் விளக்கு வைத்தேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்: ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே ஒரு மஞ்சள் விளக்கு. அதன் பெட்டியில் விரல் நகம் அளவுக்கு ஒரு மின்னணுச் சில்லைச் செருக வேண்டும். சில்லின் முதுகில் எண் எழுதியிருக்கும். ஏழாயிரத்து நூறு என்று எழுதிய சில்லைச் செருகினால் எஞ்சின் அந்தச் சுற்றைத் தொட்டதும் விளக்கு எரியும். எரிந்தால் கியரை இழுக்க வேண்டும். சுற்றுக் காட்டும் முள்ளின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். பாதையைப் பார்க்க வேண்டிய கண் முள்ளைப் பார்க்கக் கூடாது. எங்கள் பாதையில் பாதிக் கார்களில் அப்படித்தான். எந்தச் சில்லைச் செருகுவது என்பது எஞ்சின்காரனின் முடிவு. ஓட்டுபவன் அதில் கை வைக்க மாட்டான். அது எழுதாத சட்டம்.

கை வைக்க மாட்டானே தவிர, வாய் வைப்பான். ராய்ஸ் ஒவ்வொரு சனிக்கிழமையும், எல்லோரும் வரிசையில் காரை நிறுத்திக்கொண்டு சும்மா நிற்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்குவான்.

"ஏழாயிரத்து நூறாம். இந்த எஞ்சின் எட்டாயிரம் வரைக்கும் அசால்ட்டா போகும்யா. லீலண்ட் இருக்கானே, அவன் சர்ச்சுல பியானோ சொல்லிக்குடுக்க வேண்டிய ஆளு. சத்தம் கேட்டாலே பயம்."

பக்கத்துக் கார்க்காரர் ஹார்லன் ஓக்ஸ் சிரிப்பார். "உன் காரை உன் மச்சான் பூட்டி வச்சிருக்கான்டா ராய்ஸ். சாவியைக் கேட்டு வாங்கு."

"கேக்காமலா? பதினோரு வருசமா கேக்கறேன். குடுத்தா உன் காரு என் கண்ணாடியில சின்னப் புள்ளியாத் தெரியும் ஹார்லன், பாத்துக்க."

நான் பதில் சொன்னதில்லை. டப்பாவைத் திறந்து சீட்டுகளைக் காட்டியிருக்கலாம். காட்டினேன், ஒரு முறை. அவன் அதைப் பார்க்காமலே, "காகிதம் ஓட்டாது, நான்தான் ஓட்டறேன்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நடீனும் லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்ததில் தவறொன்றும் இல்லை. வேடிக்கையான பேச்சுதான்.

எனக்குக் கோபம் இருந்தது என்று எழுதிக்கொள்ள வேண்டாம். கோபத்துக்கு உடம்பில் தெம்பு வேண்டும். எனக்கு இருந்தது அலுப்பு. ஒரே பேச்சை ஐந்நூறு சனிக்கிழமை கேட்டால் வருகிற அலுப்பு. எஞ்சின் ஒரு தடவை உடைந்தால் அவன் வாய் மூடும் என்று நினைத்தேன். எஞ்சின் என்னுடையது, நான் கட்டியது. அதை உடைக்க எனக்கு உரிமை உண்டு. அவ்வளவுதான் என் எண்ணம்.

தொண்ணூற்றாறு ஆகஸ்டில், ஒரு புதன்கிழமை மதியம், கடையில் வேலை இல்லாதபோது செய்தேன். எட்டாயிரத்து இருநூறு என்று எழுதிய சில்லின் எண்ணை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, ஏழாயிரத்து நானூறு என்று எழுதினேன். ராய்ஸிடம், "சரி, உன் இஷ்டம். முந்நூறு ஏத்தியிருக்கேன்," என்று சொல்லிக் காட்டினேன். அவன் சந்தோஷப்பட்டு என் முதுகில் தட்டினான். இதைத்தான் அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். தன் பிடிவாதத்தால்தான் முந்நூறு ஏறியது, அந்த முந்நூறுதான் அவளைக் கொன்றது என்று. மேடம், ஏழாயிரத்து நானூறில் அந்த எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். தெரியாத ஆள் தெரியாத விஷயத்துக்குக் குற்றத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

சுற்று ஏழாயிரத்து ஐந்நூறைத் தாண்டினால் மின்சாரத்தை வெட்டிவிடும் தடுப்பு ஒன்றும் காரில் இருந்தது. அதன் ஒரு ஒயரைக் கழற்றினேன். கழற்றாவிட்டால் சில்லை மாற்றிப் பயனில்லை.

இன்னொன்று ஃப்ளைவீல். எஞ்சினின் பின்பக்கம் சுழலும் கனமான சக்கரம். கிளட்ச் அதன்மேல்தான் உட்காரும். அதற்கு நான்கு வருடம் முன்பு வரை காரில் இருந்தது வார்ப்பிரும்பு ஃப்ளைவீல். அதில் மயிரிழை விரிசல் ஒன்றைப் பார்த்ததும் கழற்றிவிட்டு எஃகில் புதிதாகப் போட்டேன். பழையது கடை மூலையில் கிடந்தது. அந்தப் புதன்கிழமை பழையதை மறுபடி மாட்டினேன். எஞ்சின் உடையும்போது நல்ல எஃகு ஃப்ளைவீல் வீணாக வேண்டாம் என்று நினைத்ததாக ஞாபகம்.

ஃப்ளைவீல் வெடித்தால் துண்டுகள் உள்ளே வராமல் தடுக்க அதைச் சுற்றி ஓர் எஃகுக் கவசம் மாட்டியிருந்தேன். பதினொன்றரை விநாடிக்குக் கீழே ஓடும் கார்களுக்குத்தான் அது கட்டாயம். எங்களுக்கு இல்லை. நானாகப் போட்டது. எடை குறையட்டும், அதைக் கழற்று என்று ராய்ஸ் கேட்டுக்கொண்டே இருப்பான். அதையும் கழற்றிக் கொடுத்தேன்.

ஃப்ளைவீல் காரில் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். ஓட்டுபவரின் கால்களுக்குப் பக்கத்தில்.

ஆமாம். எஞ்சின் உடைவதற்கு விளக்கும் அந்த ஒயரும் மட்டும் போதும்.

சனிக்கிழமை நல்ல வெயில். சுற்றிலும் சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. பன்றி இறைச்சி வறுக்கும் வாசனை பாதையின் கடைசி வரைக்கும் வந்தது. நாங்கள் காரை டிரெய்லரிலிருந்து இறக்கும்போது ராய்ஸ் சாய்ப்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் வலது கட்டைவிரலைக் கொடுத்துவிட்டான். அது என் திட்டத்தில் இல்லை. விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கியர்க் கம்பியைப் பிடித்துப் பார்த்தான், முடியவில்லை.

"போச்சு. இன்னிக்குத்தான் முந்நூறு ஏத்திக் குடுத்தான், இன்னிக்குன்னு பாத்து விரலும் போச்சு," என்றான்.

நடீன் ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். "நான் ஓட்டவா?" என்றாள். ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை. அவளுக்கு அப்போது நாற்பது முடிந்து ஒரு மாதம்.

ராய்ஸ் அவளைப் பார்த்தான். "உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?"

"உனக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான். மறந்துட்டியா?"

"என் ரேஸ் சூட் உனக்குப் பத்தாது. இடுப்பு அப்படி ஆயிருச்சு."

"உன் சூட் நாறும். என்னோடது வேன்ல இருக்கு."

பதினோரு வருடமாக அவள் தன்னுடைய சூட்டை வேனில் வைத்திருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ராய்ஸுக்கும்தான். அவன் வேனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "போ. போய் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வா. ஹார்லனை அழ வை," என்றான். அவன் அவளிடம் அவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

நான் தடுத்தேன். இது வாக்குமூலத்தில் இருக்க வேண்டும். "இன்னிக்கு வேணாம். வீட்டுக்குப் போயிடலாம்," என்று சொன்னேன். தெளிவாகச் சொன்னேன்.

"ஏன்?" என்று கேட்டாள் நடீன்.

கிளட்சில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். எண்ணெய் ஒழுகுகிறது என்று சொல்லியிருக்கலாம். எஞ்சின்காரன் சொன்னால் சொன்னதுதான், யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு," என்றேன். வெயில் ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

"லீ, நீ கிழவனாயிட்ட," என்று சொல்லிவிட்டுச் சூட்டை எடுக்கப் போனாள். அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

இரண்டிரண்டு காராகத்தான் ஓடவிடுவார்கள்; எங்களையும் ஹார்லனையும் கூப்பிட அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரம் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். டயரில் காற்று பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். சில்லை மாற்ற ஒரு நிமிடம் போதும். சரியான சில் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் ராய்ஸ் ஜன்னலில் சாய்ந்துகொண்டு அவளுக்கு அது இது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் எதிரில் சில்லைக் கழற்றினால், கொடுத்ததை ஏன் பிடுங்குகிறாய் என்று கேட்பான். பயந்துவிட்டான் என்பான். அந்தப் பேச்சு மறுபடி ஆரம்பிக்கும்.

பெல்ட் மாட்டிவிடுவது என் வேலை. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவில் ஒன்று. குனிந்து இறுக்கும்போது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

"லீ, விளக்கைப் பாத்துப் போடவா, காதாலயே போடவா? எனக்குக் காதுதான் பழக்கம்."

நேர்மையான கேள்வி. அவள் காதால் மாற்றியிருந்தால் ஏழாயிரத்து நூறில் மாற்றியிருப்பாள். எத்தனை வருடம் ஆனாலும் அந்த எஞ்சினின் குரல் அவளுக்குத் தெரியும். ராய்ஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அத்தனை வருடமாக நம்பிய விளக்கை என் தங்கையிடம் நானே வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்க மாட்டானா?

"விளக்கைப் பாரு. காதை நம்பாத. எரியற வரைக்கும் இழுக்காத," என்றேன்.

"சரி," என்றாள்.

பிறகு எங்கள் வழக்கப்படி எல்லாம் நடந்தது. பாதை முகப்பில் கொட்டிய தண்ணீரில் டயரைச் சுழலவிட்டுச் சூடாக்கினாள். புகை விலகியது. புறப்பாட்டுக் கோட்டைத் தாண்டிப் போய்விட்ட காரைப் பின்னால் கொண்டுவர வேண்டும். டயர் பதித்த அதே தடத்தின்மேல் கார் வந்து நிற்க வேண்டும். ஓட்டுபவருக்குத் தடம் தெரியாது. அதனால் ஒருவன் காருக்கு முன்னால் நின்று கையால் வழி காட்டுவான். அதுவும் நான்தான். அவளுக்கும் எனக்கும் நடுவில் எஞ்சின் மூடியும் கண்ணாடியும்தான். ஹெல்மெட்டின் இடைவெளியில் அவள் கண்கள் தெரிந்தன. என் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தன.

எஞ்சினை அணைக்கச் சொல்லவும் ஒரு சைகை உண்டு. உள்ளங்கையைக் கழுத்தின் குறுக்கே இழுக்க வேண்டும். அதைக் காட்டினால் ஏன் எதற்கு என்று யோசிக்காமல் அணைத்துவிடுவார்கள். எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகினாலும் காட்டுவோம். காட்டியதற்காக யாரும் யாரையும் கேலி செய்வதில்லை.

கார் தடத்தை விட்டு இரண்டு அங்குலம் வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் வரச் சொல்லிக் காட்டினேன். வந்தாள். நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு விலகினேன்.

புறப்பாடு அருமை. ஹார்லனை அந்த இடத்திலேயே அரைக் கார் நீளம் பின்னால் விட்டுவிட்டாள். முதல் கியரில் சுற்று ஏறியது. ஏழாயிரத்து நூறு வந்தது, எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், அந்த இடத்தில் எஞ்சின் குரல் ஓர் இமைப்பொழுது தளர்ந்தது. அவள் காலை லேசாக எடுத்திருக்கிறாள். கை கியர்க் கம்பிக்குப் போயிருக்கும். விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினாள்.

விளக்கு எரிந்த பிறகுதான் மாற்றினாள். இரண்டாவது கியரில் காலைத் தளர்த்தவே இல்லை. எரியும்வரை காத்திருந்தாள். அந்த இரண்டாவது முறை விளக்கு எரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

வெடித்த சத்தம் பெரிதாக இல்லை. கனமான கதவை அறைந்து சாத்தியதுபோல் இருந்தது. ஃப்ளைவீல் துண்டு ஒன்று எஞ்சின் மூடியைக் கிழித்துக்கொண்டு சோளக்கொல்லையில் போய் விழுந்தது. மற்றவை எங்கே போயின என்பது மருத்துவர் அறிக்கையில் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதில்லை. கார் சுவரில் உரசிக்கொண்டு நூறு கஜம் போய் நின்றது. ராய்ஸ் வீங்கிய விரலோடு ஓடினான். நானும் ஓடினேன், என் முட்டிக்கு வேகமாகவே ஓடினேன். அவர்கள் பெல்ட்டை அறுத்துக்கொண்டிருந்தபோது நான் மறுபக்க ஜன்னல் வழியாகக் கையை விட்டு மெயின் ஸ்விட்சை அணைத்தேன். தீப்பிடிக்காமல் இருக்க அதைச் செய்தாக வேண்டும். அதே கையோடு விளக்குப் பெட்டியிலிருந்து சில்லையும் எடுத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்ததைச் செருகினேன். ஃப்ளைவீல் துண்டுகளைப் பிற்பாடு சோளக்கொல்லையில் தேடிப் பொறுக்கியதும் நான்தான். உங்கள் ஆட்கள் எனக்கு நன்றி சொன்னார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் ராய்ஸ் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். அவன் குடிப்பதில்லை, அழுவதில்லை. "முந்நூறு, லீலண்ட். முந்நூறுக்காக உன்னை அரிச்சு எடுத்தேனே," என்பான். நான், "விடு ராய்ஸ்," என்பேன். இருவருமாக டிவி பார்ப்போம். அந்தக் காலத்தில்தான் அவனை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று என்று சொல்ல வேண்டும். வாய் அடங்கிவிட்டது. அவன் இங்கே வந்து கையெழுத்துப் போடுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கேளுங்கள் மேடம். இவ்வளவு நேரம் நீங்கள் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. ஏன் நிறுத்தவில்லை என்றுதானே?

ராய்ஸுக்குப் பயந்து என்று முதலில் நானும் நினைத்தேன். அப்படியில்லை. காரை நிறுத்தியிருந்தால் நடீன் இறங்கி வந்து ஏன் என்று கேட்டிருப்பாள். நான் எதைச் சொன்னாலும், குனிந்து கவசம் இல்லாததைப் பார்த்திருப்பாள், ஒயரைப் பார்த்திருப்பாள். எஞ்சின் அவளுக்குத் தெரியும். அவள் புருஷனுக்கு நான் என்ன ஏற்பாடு செய்திருந்தேன் என்பது இரண்டு நிமிடத்தில் புரிந்திருக்கும். அதற்குப் பிறகு என்னை எப்படிப் பார்த்திருப்பாள்? இந்த உலகத்தில் என்னை மதித்த ஓர் ஆள் அவள்தான். தன் காதே வேறு சொன்னபோதும், என் சொல்லுக்காக அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தவள். அப்படிப்பட்டவள் மனதை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி விநாடி வரை என் தங்கை என்னை நம்பினாள். அந்த நம்பிக்கையில் ஒரு கீறல் விழாமல் நான் பார்த்துக்கொண்டேன்.